வேட்டுவனும் பெயரில்லாக் குழவியும்

இவ்வாண்டு மலருக்குத் தமிழில் ஒரு கட்டுரை தருமாறு ஆசிரியர் பணித்தபோது, யான் எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்ட நண்பர் சிலர் நகைத்தனர். “சங்கப் புலவரைப் பற்றி எழுதுவாய் என்றிருந்தோம், கணினி விளையாட்டைப் பற்றியா எழுதப் போகின்றாய்?” என்றனர். அவர்கள் நகைத்தது முறையே. விடுமுறை நாட்களை விளையாட்டிற் கழித்தவன் அதனை மறைத்துக்கொள்வதே உலக வழக்கு. ஆயினும், சென்ற கோடை விடுமுறையில் அவ்விளையாட்டு வாயிலாக எங்கள் குடும்பத்தில் நிகழ்ந்த ஒன்றை எண்ணுந்தோறும், அதனை எழுதாமல் விடுதல் நன்றன்று என்று உள்ளம் கூறுகின்றது. சங்கப் பாட்டு ஒன்றும் இடையில் வரும். ஆதலின் நண்பர்கள் பொறுத்தருள்க.

எங்கள் இல்லம் திண்டிவனத்தில் உள்ளது. ‘திந்திரிணி வனம்’ என்பதே திண்டிவனம் எனத் திரிந்தது என்பர். திந்திரிணி என்பது புளிய மரத்துக்கு வடமொழிப் பெயர். ஒருகாலத்தில் புளியங்காடாய் இருந்த அவ்வூர், இன்று சென்னையிலிருந்து தெற்கே செல்லும் பெருஞ்சாலையில், புதுச்சேரிக்கும், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கும் வழிகள் பிரியும் இடமாய், பேருந்துகளின் இரைச்சலால் நிறைந்திருக்கின்றது. என் தாய்மாமன் வீடோ விழுப்புரத்தில். சென்னை, திருச்சிராப்பள்ளி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி என ஐந்து திக்கிலும் புகைவண்டிப் பாதை பிரியும் அச்சந்திப்பில் மாமா பணியாற்றுகின்றார். இரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவு. சென்ற மே மாதத்தில் யான் அத்தொலைவைப் பலமுறை கடந்தேன். காரணம், மாமன் மகன் தன் பொறியியற் படிப்புக்கென்று வாங்கிய கணினி. அதனிற் படிப்பைக் காட்டிலும் விளையாட்டே மிகுதி என்பது மாமாவுக்கும் தெரியும்; தெரியாதவர் போல் இருந்தார்.

அவ்விளையாட்டின் பெயர் ‘தி விட்சர் 3: வைல்டு ஹன்ட்’ என்பது. போலந்து நாட்டின் வார்சா நகரத்திலுள்ள ‘சி.டி. பிராஜெக்ட் ரெட்’ என்னும் நிறுவனத்தார் அதனை 2015ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் வெளியிட்டனர். ஆந்திரேய் சப்கோவ்ஸ்கி என்னும் போலந்து எழுத்தாளரின் கதைகளே அதற்கு அடிப்படை. அவர் ‘ஃபன்டாஸ்டிகா’ என்னும் இதழ் நடத்திய சிறுகதைப் போட்டிக்கு அனுப்பிய கதையொன்று 1986ஆம் ஆண்டில் அவ்விதழில் வெளிவந்தது. போட்டியில் அதற்குக் கிடைத்தது மூன்றாம் பரிசே. மூன்றாம் பரிசு பெற்ற கதையொன்று நூல்களாகவும் விளையாட்டுகளாகவும் உலகமெங்கும் பரவியமை, நம் கல்லூரிக் கதைப் போட்டியில் எப்பொழுதும் மூன்றாவதாக வரும் அன்பர்க்கு ஊக்கந் தருவதாகுக! நிற்க. பதினெட்டு வயது நிரம்பியோர்க்கே உரியது என்று ஐரோப்பாவில் அதற்கு வரம்பிட்டுள்ளனர். அதிற் குருதியும் கொடுமையும் மிகுதியாதலின் அவ்வரம்பு தக்கதே. யான் பத்தொன்பதை எட்டிய பின்னரே ஆடத் தொடங்கினேன் என்பதைப் பெரியோர் கருத்திற் கொள்வாராக.

அக்கதையின் தலைவன் கெரால்ட் என்னும் நரைமயிர் வேட்டுவன். சிறு பருவத்திலேயே பூத வேட்டைக்கெனப் பயிற்றப்பட்டவன். முதுகில் இரு வாள்களைத் தாங்கித் திரிவான். மாந்தரோடு பொர எஃகு வாள், பூதங்களோடு பொர வெள்ளி வாள். ஊர்தோறும் ஓர் அறிவிப்புப் பலகை நிற்கும். ‘எங்கள் கிணற்றில் ஓர் ஆவி உளது’, ‘எங்கள் காட்டில் மனிதர் மறைகின்றனர்; தீர்ப்பார்க்கு இவ்வளவு பொன்’ என்று ஊரார் அதில் எழுதி ஒட்டியிருப்பர். வேட்டுவன் அதனைப் பறித்துக்கொண்டு, எழுதியவரைக் கண்டு, கூலி பேசிப் புறப்படுவான். ஊரார்க்கு அவன் வேண்டும். ஆனால் அவனைக் கண்டால் காறி உமிழ்வர். வேலை முடிந்ததும், ‘எப்பொழுது போவாய்?’ என்பர்.

இவ்விளையாட்டில் ஒரு வழியிலேயே செல்லவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. குதிரையேறி வயலும் சதுப்பும் மலையும் கடலும் கொண்ட பரந்த நாட்டில் விரும்பிய திசையிற் செல்லலாம்; கதையை மறந்து சீட்டாடிப் பொழுது போக்கலாம். யானும் மைத்துனனும் அச்சீட்டாட்டத்தில் இரண்டு முழு நாட்களை இழந்தோம். ரோச் என்னும் அக்குதிரையோ, சீழ்க்கையடித்து அழைத்தால் வரும். சிலவேளை நிரலின் பிழையால் வீட்டுக் கூரைமேல் நின்று நம்மை நோக்கும். மைத்துனன் அதனைக் கண்டு உருண்டு சிரிப்பான்.

தொடக்கத்தில் ‘ஒயிட் ஆர்ச்சர்ட்’ என்னும் சிற்றூரில் முதற் பெருவேட்டை நிகழும். கழுகின் தலையும் சிங்கத்தின் உடலும் கொண்ட கிரிஃபின் என்னும் விலங்கு ஊராரைத் தாக்கிக் கொல்லுகின்றது. அவ்வூரைக் கைப்பற்றியிருந்த படையின் தலைவன், அதனைக் கொன்றால் வேட்டுவன் நாடிய செய்தியைத் தருவதாகக் கூறுவான். யான் உடனே வாளை உருவிக்கொண்டு விலங்கைத் தேடப் புறப்பட்டேன். விளையாட்டு விடவில்லை. முதலில் காட்டு வேடன் ஒருவனைக் கண்டு வினவவேண்டும், அடிச்சுவடு தேடவேண்டும், கூட்டைப் பார்வையிடவேண்டும், மூலிகை அறிந்த பெண்ணொருத்தியிடம் கேட்கவேண்டும். அவ்வாறு தேடியபோது உண்மை வெளிப்பட்டது. அப்படையின் வீரர்களே அவ்விலங்கின் பேட்டைக் கொன்றிருந்தனர். துணையை இழந்த ஆண் விலங்கு அதன்பின்னரே ஊரைத் தாக்கத் தொடங்கிற்று. இறுதியில் அதனைக் கொல்லத்தான் வேண்டும், ஊர் பிழைக்கவேண்டுமே! ஆயினும் காரணம் அறிந்து கொல்வதற்கும் அறியாது கொல்வதற்கும் உள்ள வேறுபாட்டை அன்று உணர்ந்தேன், வாள் கனத்தது.

பூதத்தை வேட்டையாடும் கதை எங்கள் பக்கத்தார்க்குப் புதிதன்று. திண்டிவனம், செஞ்சிப் பகுதிகளில் கோடையில் திரௌபதியம்மன் திருவிழா நிகழும்போது பகாசூரன் வதத்தைக் கூத்தாக ஆடுவர். வேதக்காரப் பிள்ளைகள் கூத்துப் பார்க்கலாகாது என்பது என் ஆயாவின் கட்டளை. எனினும் பத்து வயதில் பக்கத்து வீட்டு நண்பனோடு ஒருமுறை கரந்து சென்றேன். ஏகசக்கர நகரத்தார் நாள்தோறும் ஒரு வண்டிச் சோறும் இரண்டு எருமைக் கடாக்களும் அவற்றை ஓட்டிச் செல்லும் ஓர் ஆளுமாகப் பகாசூரனுக்கு இரை அனுப்பவேண்டும். முறை வந்த வீட்டார் அழும் குரலைக் கேட்ட குந்தி, தன் மகன் வீமனை அனுப்புகின்றாள். வீமன் வேடம் பூண்டவர் வண்டியேறி, வீடுதோறும் வாங்கிய சோற்றை உண்டுகொண்டே தெரு வழியே வந்ததும், மத்தளமும் முகவீணையும் முழங்க, சிறுவர் கூவியோடியதும் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன. பகாசூரன் யாவன், அவன் ஏன் அவ்வாறு ஆயினான் என்று அக்கூத்தில் எவரும் வினவக் கேட்டிலேன். குடிகளைக் காத்தல் வீமன் கடன். அவன் அதனைச் செய்தான். யானும் மகிழ்ந்து வீடு திரும்பி, ஆயாவிடம் அடி வாங்கினேன். பூதம் என்றால் வெட்டத்தக்கது என்னும் எண்ணத்தோடுதான் வளர்ந்தேன். அவ்வெண்ணத்தோடுதான் விழுப்புரத்துக் கணினியின் முன்னும் அமர்ந்தேன்.

போரால் பாழ்பட்ட வேலென் என்னும் நாட்டில் ஒரு கோட்டை. அதன் தலைவனை ஊரார் ‘குருதிக் கோமான்’ என்பர். அவன் மனைவியும் மகளும் காணாமற் போயினர். தேடித் தருமாறு வேட்டுவனை வேண்டுகின்றான். வீட்டை ஆராயுங்கால் அவன் மறைத்தது ஒவ்வொன்றாய் வெளிப்படும். அவன் குடிவெறியில் மனைவியை அடிப்பவன். அடி பொறாமலே தாயும் மகளும் ஓடிப்போயினர். அவர்கள் மறைந்த இரவில் மனைவியின் வயிற்றுப் பிள்ளை காலத்துக்கு முன்னரே உயிரற்று வீழ்ந்தது. கோமான் அதற்குப் பெயரிடாமலும், முறைப்படி அடக்கம் செய்யாமலும் ஓரிடத்திற் புதைத்துவிட்டான். அக்குழவி ‘பாட்ச்லிங்’ என்னும் பேயுருவாய் எழுந்து திரிகின்றது. கருவுற்ற பெண்டிரின் குருதியை உறிஞ்சுவது அதன் இயல்பு என்று வேட்டுவனின் குறிப்பேடு கூறும்.

இங்கே விளையாட்டு ஆடுவோனிடம் ஒரு கேள்வி கேட்டு நிற்கும். குழவியை வாளால் வெட்டுவதா? அன்றித் தந்தையின் கையிற் கொடுத்து, வீட்டு வாயிற்படியின் கீழ்ப் பெயரிட்டு அடக்கம் செய்விப்பதா? பின்னைய வழியில், பெயர் பெற்ற குழவி சாபம் நீங்கி அவ்வில்லத்தின் காவலாய் மாறும்.

“மச்சான், யோசிக்காதே. வெட்டிவிடு, வேலை சீக்கிரம் முடியும்,” என்றான் மைத்துனன். யான் வெட்டினேன். சில நிமிடங்களில் முடிந்தது. வீழ்ந்த பின் அது மிகச் சிறியதாய்த் தோன்றிற்று. பரிசும் கிடைத்தது, கதையும் மேற்சென்றது.

அன்றிரவு மொட்டை மாடியிற் படுத்திருந்தேன். சந்திப்பில் வண்டிகள் வருவதும் போவதுமாய் இருந்தன. உறக்கம் வரவில்லை. நெடுங்காலமாய் நினையாத ஒன்று நினைவுக்கு வந்தது. அப்போது எனக்கு ஐந்து வயது இருக்கும். நவம்பர் 2ஆம் நாள், கல்லறைத் திருநாள். தாத்தாவின் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றி வேண்டுதல் செய்தபின், அம்மா மட்டும் தனியே நடந்து, மதிலோரத்தில் ஒன்றுமில்லாத வெறுந்தரையில் ஒரு கைப்பூவை வைத்தார். யான் ஓடிச்சென்று, “அங்கே யார்?” என்றேன். ஆயா என் கையைப் பிடித்து இழுத்து, “அங்கே ஒருவரும் இல்லை,” என்றார். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. அதன்பின் யான் கேட்டதில்லை. ஆண்டுதோறும் அம்மா அங்கே பூ வைப்பதை மட்டும் கண்டிருக்கின்றேன்.

மறுநாட் காலை முதற் பேருந்தில் திண்டிவனம் திரும்பினேன். அம்மா கூடத்தில் அமர்ந்து, ஆண்டுக்கென வாங்கிய புதுப்புளியில் கொட்டை நீக்கிக்கொண்டிருந்தார். அப்பா வெளியே சென்றிருந்தார். யான் அருகில் அமர்ந்து சிறிது நேரம் கொட்டைகளைப் பொறுக்கினேன். பின்னர், “அம்மா, அந்த மதிலோரத்தில் இருப்பது யார்?” என்று கேட்டேன்.

அவர் கை நின்றது. “உனக்கு யார் சொன்னது?” என்றார்.

“ஒருவரும் சொல்லவில்லை. நானாகத்தான் கேட்கிறேன்.”

நெடுநேரம் பேசவில்லை. பிறகு புளியைப் பிசைந்துகொண்டே சொன்னார். “உனக்கு ஓர் அக்காள், தம்பி. எட்டாம் மாதத்தில் பிறந்தாள். பிறக்கும்போதே உயிரில்லை. எனக்குக் காட்டவில்லை. துணியில் சுற்றி உன் மாமாதான் தூக்கிக்கொண்டு போனார்.”

அது 2004ஆம் ஆண்டு என்று பின்னர் அறிந்தேன். ஞானஸ்நானம் பெறாத குழந்தையாதலின் ஆலயமணி அடிக்கவில்லை, ஜெபமும் இல்லை. இரவோடிரவாக அடக்கம் முடிந்தது. அதற்கும் மேலாக, உச்சிப்பொழுதில் புளிய மரத்தடியில் நடந்ததனாலேயே பிள்ளை போயிற்று என்று உறவினர் பேசினராம். எங்கள் ஊர்ப்பக்கம் புளிய மரத்தில் பேய் குடியிருக்கும் என்பது பலர் நம்பிக்கை. வேதம் வாசிக்கும் ஆயாவும் அதனை விட்டாரில்லை. “மருத்துவர் இரத்தக் கொதிப்பு என்று எழுதிக் கொடுத்தார். இவர்கள் புளிய மரம் என்றார்கள். நான் தண்ணீர்க் குடம் எடுத்துக்கொண்டு அந்த வழியாக வந்தது உண்மைதான். நானும் சில வருஷம் அப்படித்தான் நினைத்தேன்,” என்றார் அம்மா.

இருபதாண்டுக்கு மேலாக அப்பழியைச் சுமந்து, அப்புளியையே ஆண்டுதோறும் ஆய்ந்து எங்களுக்குக் குழம்பு வைத்தவர்! யான் என்ன கூறுவேன்? “பெயர் ஏதாவது நினைத்திருந்தீர்களா?” என்று மட்டும் கேட்டேன்.

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். “நினைத்திருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை,” என்றார். பின்னர் அப்பெயரைச் சொன்னார். சொல்லிவிட்டு, “அவளுக்கென்று பழைய புடவையில் இரண்டு சட்டை தைத்து வைத்திருந்தேன். நீ பிறந்ததும் அதைத்தான் முதலில் உனக்குப் போட்டேன்,” என்றார். அப்பெயரை யான் ஈண்டு எழுதவில்லை; அது அம்மாவுக்கு உரியது.

அவ்வாரம் யான் புறநானூற்றைத் திறந்தேன். டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1894ஆம் ஆண்டில் பதிப்பித்து நமக்களித்த அந்நூலில் 74ஆம் பாட்டை எம் தமிழ்ச் சிறப்பு வகுப்பில் முன்னரே படித்திருந்தோம். சோழன் செங்கணானிடம் போரிற் சிறைப்பட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறை, குடவாயிற் கோட்டத்துச் சிறையில் தண்ணீர் கேட்டுப் பெறாது, காலந் தாழ்த்துப் பெற்ற நீரைப் பருகாமல் பாடியது என்பர். மானத்தின் உயர்வைக் கூறும் பாட்டு என்று குறித்துத் தேர்வில் மதிப்பெண்ணும் பெற்றேன். ஆனால் அப்பாட்டின் தொடக்கத்தில் உள்ள செய்தியை அன்று யான் ஊன்றி நோக்கவில்லை. பண்டை மறக்குடி வேந்தர், குழவி இறந்து பிறப்பினும், உருப்பெறாத தசைப்பிண்டமாய்ப் பிறப்பினும், அதனை மனிதர் கணக்கிற் சேராதது எனத் தள்ளாமல், வாளாற் காயப்படுத்தி வீரர்க்குரிய முறையில் அடக்கம் செய்தனர் என்பதே அச்செய்தி. அவ்வழக்கம் இன்று நமக்குக் கொடிதாய்த் தோன்றலாம். ஆயினும் அதன் உட்கிடை யாது? மூச்சு விடாத அக்குழவியும் எம் குடியில் ஒருவர் என்று அக்குடியினர் உலகறியக் காட்டினர். ஆயா சொன்ன ‘ஒருவரும் இல்லை’ என்னும் சொல்லை அச்சேரமான் ஏற்றிருக்கமாட்டான். அதே வாளை யான் விழுப்புரத்தில் ஏந்தியபோது, அது குழவியை மறக்கச் செய்யும் கருவியாயிற்று. வேலை சீக்கிரம் முடிந்தது, அவ்வளவே.

மாற்கு எழுதின சுவிசேஷத்தின் ஐந்தாம் அதிகாரமும் நினைவுக்கு வந்தது. கதரேனருடைய நாட்டில் கல்லறைகளிலே குடியிருந்த மனிதனை ஊரார் சங்கிலியாற் கட்டினர், அஞ்சி விலகினர். நம் ஆண்டவரோ அவனிடம் பெயரைக் கேட்டார். ஞாயிற்றுப் பள்ளியில் எத்தனையோ முறை கேட்ட கதை. பன்றிக் கூட்டம் கடலிற் பாய்ந்ததையே சிறுவராகிய யாங்கள் விரும்பிக் கேட்டோம். அக்கேள்வியை யான் கவனித்ததில்லை. சங்கிலியோடு வந்தவர் பலர். பெயரைக் கேட்டவர் ஒருவரே.

சில நாள் கழித்து மீண்டும் விழுப்புரம் சென்றேன். விளையாட்டின் நிலையை அவ்வப்போது பதிந்து வைக்கும் வசதி உண்டு. வேண்டும்போது பழைய நிலைக்கு மீளலாம். இவ்வுலகில் நமக்கு அருளப்படாத வசதி அது. மைத்துனன் எவ்வளவு தடுத்தும் கேளாமல், அதன்பின் ஆடிய பல மணி நேர ஆட்டத்தையும் கைவிட்டு, அக்குழவியின் முன் வந்து நின்றேன். இம்முறை கோமான் அதனைத் தன் கையில் ஏந்தினான். வாயிற்படி வரை செல்லும் வழி நீளமானது. பேயுருக்கள் வந்து தாக்கும், இடையிடையே குழவி சினந்து துள்ளும், அதனை அமைதிப்படுத்தவேண்டும். வெட்டுவதைக் காட்டிலும் இது கடினமான வேலை. குடிகாரனாயினும் அத்தந்தை அதனைக் கீழே போடாமல் நடந்தான்.

அவ்வேளையில் மாமா பணி முடிந்து வந்தவர், சீருடையும் மாற்றாமல் எங்களுக்குப் பின்னே வாயிலில் நின்றதை யாங்கள் அறியவில்லை. “அவன் கையில் என்ன?” என்றார். மைத்துனன் கதையைச் சுருக்கமாய்ச் சொன்னான். மாமா நின்றவாறே பார்த்தார். கோமான் மண்ணைத் தோண்டினான்; தன் மகள் என்று ஏற்றுக்கொண்டு, பெயர் சொல்லி அடக்கம் செய்தான்.

“பெயர் வைத்துவிட்டார்களா?” என்றார் மாமா.

“வைத்துவிட்டார்கள், மாமா.”

“நல்லது,” என்றார். சிறிது நேரம் நின்று, “கனமே இருக்காது, தம்பி,” என்று சொல்லிக் கால் கழுவச் சென்றார். அவர் எதனைச் சொன்னார் என்பது எனக்கு விளங்கிற்று, மைத்துனனுக்கு விளங்கவில்லை. அன்றிரவு மொட்டை மாடியில் அவனிடம் எல்லாவற்றையும் கூறினேன். அவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “வெட்டு என்று நான்தானே சொன்னேன்,” என்றான்.

சென்ற நவம்பர் 2ஆம் நாள் மாமா காலை வண்டியில் திண்டிவனம் வந்தார். மதிலோரத்தில் புல் மண்டியிருந்தது. இடத்தைச் சரியாய் அறிந்தவர் அவர் ஒருவரே. அம்மா இத்தனை ஆண்டு பூ வைத்த இடத்திலிருந்து நான்கடி தள்ளிக் காட்டினார். அப்பா சொல்லி எழுதுவித்த சிறு கல்லொன்றை அங்கே நட்டோம். கல்லில் பெயரும் ஆண்டும் மட்டுமே உள்ளன. எங்கள் போதகர் மனமுவந்து வந்து ஜெபித்தார். ஆயாவும் வந்திருந்தார். கண் மங்கிய அவர் குனிந்து, விரலால் எழுத்துகளைத் தடவி, ஒவ்வொன்றாய்க் கூட்டிப் பெயரைப் படித்தார். பின்னர் அம்மாவின் கையைப் பற்றிக்கொண்டார். புளிய மரத்தைப் பற்றி ஒருவரும் ஒன்றும் பேசவில்லை.

கணினி விளையாட்டு மாணவர் காலத்தை விழுங்கும் பூதம் என்று பெரியோர் கூறுவர். யான் அதனை மறுக்கத் துணியேன். விடுமுறைக்குப் பின் வந்த ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண்களே அவர்கள் பக்கம் சாட்சி சொல்லும். இவ்விளையாட்டை எல்லாரும் ஆடுக என்றும் சொல்லேன். தொலைநாட்டார் சிலர் தம் நாட்டுப் பேய்க்கதையிலிருந்து ஒரு கேள்வியை எடுத்துத் திரையில் வைத்தனர். அதற்கு விடை தேடப் புகுந்து, என் வீட்டில் எனக்கு முன் பிறந்தாளொருத்தி இருந்ததை யான் அறிந்தேன். அவ்வளவே எனக்குத் தெரியும்.

இப்பொழுது எங்கள் இல்லத்தில் இரவு ஜெபத்தின்போது அப்பா பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லி வேண்டுகையில், முதலில் அக்காளின் பெயரைச் சொல்லுகின்றார். அதன்பின் என் பெயரைச் சொல்லுகின்றார். மூத்தவன் என்று இதுகாறும் எண்ணியிருந்த யான், இரண்டாவதாய் வருவதிற் குறையொன்றும் காணேன்.